மனை வாங்குமுன் மழையைப் பாருங்கள்

சொந்த வீடு நடுத்தரக் குடும்பங்களின் வாழ்நாள் ஆசை. சென்னை நகருக்குள் விலை எட்டாததால், பலர் தாம்பரத்துக்கும் அப்பாலும் மனை தேடிப் போகிறார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். அவை அவசியமே. ஆனால், மனை யாருடையது என்பதைத்தான் அவை சொல்லும். மழைநீர் எந்த வழியாகப் போகும் என்பதைச் சொல்லா.

49 சென்டிமீட்டர்!

2015 டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். பத்திரம் சரியாக இருந்த வீட்டையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, கால்வாய் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரில் 'தாங்கல்', 'ஏந்தல்' என்று வந்தால் விசாரிப்பது நல்லது. இரண்டுமே நீர்நிலையைக் குறிக்கும் சொற்கள். கோடையில் எல்லா மனையும் மேடாகத்தான் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும். 2015-ல் தண்ணீர் எத்தனை படி ஏறியது, சித்திரையில் கிணறு வற்றுமா, கழிவுநீர் எங்கே போகிறது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும்.

அடித்தளத்தை உயர்த்திக் கட்டினால் போதாதா? வீடு தப்பலாம், தெரு தப்பாது. பாலுக்கும் மருந்துக்கும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க நேரிடும்.

வாழ்நாள் சேமிப்பைப் போடுமுன் ஒரு மழைக்காலம் பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை.