சிறு செலவில் ஒரு கடற்செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் செல்லுதல் என்பதே பொருள். பாலைத் தலைவன் பொருள் தேடிப் புறப்படுவதும் செலவே. புறப்பட எண்ணியவன் மனந்தளர்ந்து நின்றுவிட்டால் அதனைச் செலவழுங்குதல் என்று இலக்கண நூலார் குறித்தனர். செல்வோனோடு அவன் கைப்பொருளும் சென்று கரைவதனாலோ என்னவோ, பணம் கைவிட்டுப் போவதற்கும் பின்னாளில் அச்சொல்லே பெயராயிற்று. இன்று முன்னைப் பொருள் மறைந்து, பின்னைப் பொருள் ஒன்றே நிலைத்துவிட்டது. கையில் பணமில்லாதவன் ஊர் தாண்டிச் செல்லுதற்கு உரியனல்லன் என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது.

நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைப் புரட்டினால் தீவுகள் விலைக்கு வந்து கிடக்கின்றன. மாலத்தீவு, பாலி, மொரிசியசு, அந்தமான் என ஒவ்வொன்றும் நீலக் கடலையும் வெண்மணலையும் தென்னை நிழலையும் காட்டி அழைக்கின்றது. மாலத்தீவுக்குச் செல்வதா, இலட்சத்தீவுக்குச் செல்வதா என்று 2024 சனவரியில் இந்திய நாடெங்கும் ஒரு சொற்போரே நடந்தது. அது பணமுடையார் நடத்திய போர். கோட்டுச்சேரிமேட்டு மணலில் வலை உலர்த்துகின்றவனிடம் கடலையும் தென்னையும் காட்டிக் காசு கேட்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதையேயன்றி வேறென்ன? அவனுக்குக் கடல் காட்ட எவரும் வேண்டா. 2004 திசம்பர் 26-இல் அக்கடல் எழுந்து ஊருக்குள் வந்ததை அவன் நேரிற் கண்டவன்.

ஆயினும் அவன் கரைக்கு எதிரே ஒரு தீவு உண்டு. காரைக்காலுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். நாகையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் காங்கேசன்துறை. காரைக்காலிலிருந்து சென்னை இதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட தொலைவு. வெப்பநாட்டுத் தீவு ஒன்றைச் சிறு தொகையிற் கண்டு வர விரும்பும் சோழமண்டலக் கரைத் தமிழனுக்கு உலகப் படத்திலேயே மிக அண்மையில் கிடப்பது யாழ்ப்பாணம். அங்கே வழி கேட்கவும் சோறு கேட்கவும் வேற்றுமொழி வேண்டுவதில்லை. அந்தத் தீவை மட்டும் அவன் தன் செலவுக்குரிய இடமாக எண்ணுவதில்லை.

இதற்கு அவனை மட்டும் குறை கூறுதல் தகாது. வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1914-இல் தொடங்கிய தனுக்கோடி - தலைமன்னார்க் கப்பல் வழியைச் சென்னைத் தொடர்வண்டியோடும் கொழும்புத் தொடர்வண்டியோடும் இணைத்து மக்கள் 'போட் மெயில்' என்றழைத்தனர். 1964 திசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் போர்த்தீயில் நின்றது. நாற்பதாண்டு கழிந்து, 2023 அக்டோபர் 14-இல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்னும் கப்பல் விடப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்தே கப்பல் புறப்படும் என்றொரு பேச்சு இருந்தது. அது பேச்சாகவே போயிற்று. செரியபாணியின் ஒருவழிக் கட்டணம் வரியுடன் 7,670 உருபா. தொடக்க நாளில் மட்டும் பெரிதும் குறைத்துக் கொடுத்தனர். வடகிழக்குப் பருவமழையைக் காட்டி ஒரு கிழமைக்குள் கப்பலை நிறுத்தியும் விட்டனர். 2024 ஆகசுட்டு 16-இல் தனியார் கப்பலாகிய 'சிவகங்கை' மீண்டும் அவ்வழியில் இறங்கியது; 150 பேர் அமரலாம்; கட்டணம் 5,000 உருபா அளவுக்கு வந்தது. பருவம் இசைந்த நாட்களில் நான்கு மணி நேரத்தில் கரை சேரலாம். போக வர அதனின் இரு மடங்கு என்றால், நாட்கூலிக்காரன் ஒருவனின் அரைத்திங்கள் உழைப்புக்கு மேல்! கடலின் அகலம் மாறவில்லை. காசின் அகலமே இப்போது இடையில் கிடக்கின்றது.

இக்கடல் ஒருபோதும் தமிழனைப் பிரித்த கடலன்று. கோட்டுச்சேரிமேட்டிற்கு வடக்கே, வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் ஈழத்து உணவுப் பொருள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை பாடிற்று. அவ்வூர் மணிமேகலை சென்றடைந்த மணிபல்லவத்தை, யாழ்ப்பாணத்திற்கு மேற்கேயுள்ள நயினாதீவாகவே அறிஞர் பலர் கொள்வர். பழங்கதை போதும் என்பார்க்கு ஒன்று: வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், தமிழ்க் கடலோடிகள் செலுத்த, 1938-இல் அமெரிக்காவின் குளொசெசுட்டர்த் துறையை அடைந்தது. நாகைக்கும் வேதாரணியத்துக்கும் அவர்கள் தோணிகள் வந்து போனதை வியப்பாக எவரும் குறித்து வைக்கவில்லை. அது அடுத்த தெருவுக்குப் போய்வருவது போன்றது.

காரைக்காலுக்குத் தீவுச்செலவு புதிதும் அன்று. 1848-இல் பிரஞ்சு நாடு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, 1861-இல் பிரித்தானியரும் பிரஞ்சியரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய தமிழர் இரீயூனியன் தீவுக்கும் மேலைத்தீவுகளுக்கும் சென்றனர். கட்டணம் கேட்கப்படாத கடற்செலவு அது. அதற்குரிய விலையை அவர்தம் பேரப்பிள்ளைகள் மொழியாகக் கொடுத்தனர். இரீயூனியனில் இன்றும் தீமிதிக்கின்றனர், காவடி எடுக்கின்றனர். வீட்டில் பேசுவதோ பிரஞ்சின் வழிவந்த கிரெயோல். அத்தீவுக்கு ஆட்களை ஏற்றிய துறையில் பிறந்தவர்கள், தமிழ் இன்னும் அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் வாழ்கின்ற தீவுக்கு ஒருமுறையேனும் செல்லாதிருப்பது இரங்கத்தக்கது.

இதில் ஒரு நகைப்பும் உண்டு. காரைக்கால் இல்லங்கள் பலவற்றிற்குப் பாரிசில் உறவினர் உள்ளனர். பாரிசின் இலா சப்பல் தெருவில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும்போதுதான் காரைக்காலானும் யாழ்ப்பாணத்தானும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்கின்றனர். நான்கு மணி நேரக் கடலைத் தாண்டாதவர்கள் நிலவுலகின் ஒரு பகுதியையே சுற்றிச் சென்று ஒரே கூடையில் கைவிடுகின்றனர்!

இனி, இவ்வியக்கத்தார் நடுவிலேயே எழுகின்ற ஒரு மறுப்பைக் கருத வேண்டும். இனத்தை அழித்த அரசின் கருவூலத்தில் ஒரு காசும் போடலாகாது. ஆகவே இலங்கைக்குச் சுற்றுலா செல்வதே குற்றம் என்பர் சிலர். 2009-இன் முள்ளிவாய்க்காலை நெஞ்சில் தாங்கியிருப்போர் சொல் அது, எளிதில் தள்ளத்தக்கதன்று. நுழைவிசைவுக் கட்டணமும் துறைமுக வரியும் கொழும்புக்கே சேரும் என்பதும் உண்மை. ஆனால் தமிழன் விலகி நிற்பதால் அந்தக் கருவூலம் வறண்டுவிட்டதா? ஐரோப்பியரும் சீனரும் வடவரும் தென்கரைக் கடற்கரைகளை நிறைத்துக்கொண்டே இருக்கின்றனர். பணம் தெற்கே பாய்கின்றது. வடக்கே சுன்னாகத்துச் சந்தையில் பனங்கட்டி விற்கும் பெண்ணிடம் கொடுக்கும் காசும், யாழ்நகரில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பத்துக்குக் கொடுக்கும் காசும் முதலில் தமிழன் கையையே சேர்கின்றன. 2022-இல் அத்தீவு கடனில் மூழ்கிக் கல்லெண்ணெய்க்கும் அரிசிக்கும் நெடுவரிசையில் நின்றபோது, போரில் முன்னமே எல்லாம் இழந்திருந்த வடக்கும் கிழக்கும் பட்ட பாட்டை எண்ணினால், விலகி நிற்றல் யாருக்குத் தண்டனை என்பது விளங்கும். மேடையில் ஈழம் ஈழம் என்று முழங்கி, அம்மண்ணில் ஒருநாளும் கால் வைக்காமல் முதுமையடைந்தோர் பலர். அவர்தம் பற்றில் குறையில்லை. ஆனால் கேள்வியால் வளர்ந்த பற்று அது, கண்டறிந்ததன்று.

சென்றால் எவ்வாறு செல்வது? நால்வர் ஐவராகச் செல்க. கடற்செலவிற் பெண்டிரை உடன்கொள்ளும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் கூறிற்று. அது அக்கால வழக்கு. இக்காலத்தில் மனைவி மக்களோடு செல்வதே நன்று. அப்போதுதான் அங்குள்ள வீடுகளில் திண்ணையோடு நில்லாமல் அடுக்களை வரை உறவு செல்லும். இந்திய உருபா ஒன்றுக்கு இலங்கை உருபா மூன்றுக்கு மேல் கிடைக்கின்றது; எனினும் அங்கே விலைவாசியும் ஏறியிருப்பதால், அதைக் கொண்டு செல்வராய்விடலாம் என்று மயங்க வேண்டா. காங்கேசன்துறையிலிருந்து யாழ்நகருக்குப் பேருந்து உண்டு. போரில் 1990-இல் அறுந்த தொடர்வண்டிப் பாதையும் 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் வந்து சேர்ந்தது. வாடகை உந்துவண்டி வேண்டா. காலையில் இடியப்பமும் சொதியும், பகலில் சோறு, இரவில் புட்டும் சம்பலும் கிடைக்கும் சிறு கடைகளே போதும். மாலத்தீவுக்காரன் விற்கும் உணவை விட இவை வயிற்றுக்கும் மடிக்கும் ஏற்றவை. ஒடியற்கூழ் கிடைத்தால் விடலாகாது.

துறையில் இறங்கியவுடனே மாவிட்டபுரம் கந்தன் கோயிலும் கீரிமலை நீரூற்றும் அண்மையில் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் குறிகட்டுவான் சென்றால் அங்கிருந்து படகில் நயினாதீவு. நெடுந்தீவுக்கும் அங்கிருந்தே படகு. பவளக்கல் அடுக்கிய வேலிகளும் காட்டுக் குதிரைகளும் உள்ள நெடுந்தீவு, விளம்பரத் தீவுகள் எவற்றிற்கும் அழகில் இளைத்ததன்று. ஆயினும் தமிழ் கற்றோன் முதலில் நிற்க வேண்டிய இடம் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் எழுந்துள்ள வெண்ணிறக் கட்டடத்துள் பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர். அங்கே ஓசையின்றிச் சிறிது நேரம் அமர்ந்திருந்து வருதல் போதும். படமெடுத்துக்கொள்ள அது பொருட்காட்சியன்று. நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், அச்சுப்பொறி வாங்க 1849-இல் இக்கடலைத் தாண்டிச் சென்னைக்குச் சென்றார். பின் சிதம்பரத்தில் பள்ளி நிறுவினார். வடசொல் விரவிய நடையினர் என்று அவரை ஒதுக்குவார் ஒதுக்குக. பிழையற்ற பதிப்புக்கு அவர் பட்ட பாட்டை ஒதுக்க முடியாது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றிய தாமோதரம் பிள்ளை சிறுப்பிட்டியினர். சொற்பிறப்பு ஆராய்ந்த ஞானப்பிரகாசர் நல்லூரினர். இவர்களெல்லாம் எவ்வூரார் என்று தேர்வுத்தாளில் எழுதிய கைகள், அவ்வூர்ப் பெயர்ப்பலகையை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமே!

மொழியும் காணத்தக்கது. இங்கே டிப்பார்ட்மெண்டு என்பதை அங்கே திணைக்களம் என்பர். அரசு விருந்தகம் வாடிவீடு. உழவு கமம், உழவர் கமக்காரர். ரொட்டி சுடும் கடைக்கு வெதுப்பகம் என்று பலகை எழுதினர். தனித்தமிழ் கனவு என்று எள்ளுவார், பலகைகளைப் படித்துக்கொண்டே அத்தெருக்களில் நடந்து வரட்டும். அங்கும் ஆங்கிலம் புகுந்துகொண்டுதான் இருக்கின்றது. பொற்காலம் ஒன்று அங்கே காத்திருப்பதாகக் கூறினால் பொய்யாகும். ஆனால் ஒரு சொல்லைத் தமிழில் ஆக்கி, அதை வெட்கமின்றிக் கடைவாயிலில் தொங்கவிடும் துணிவு அங்கு இருந்தது, இருக்கின்றது.

இவற்றினும் கசப்பான ஒரு காட்சி மயிலிட்டித் துறையில் உண்டு. காங்கேசன்துறைக்கு அணித்தேயுள்ள அத்துறையில், இலங்கைக் கடற்படை பிடித்த இக்கரைப் படகுகள் கட்டிவைக்கப்பட்டுள்ளன. ஆளின்றி உப்புக்காற்றில் மரம் உளுக்கின்றது. 2025 சனவரி 28-இல் நெடுந்தீவுக் கடலருகே கடற்படை சுட்டதில் காரைக்கால் மீனவர் ஐவர் புண்பட்டனர். படகிலிருந்த பதின்மூவரும் பிடிக்கப்பட்டனர். மீன் தேடிப் போனவனைச் சுடுவதற்கு எந்த முறைமையும் இடந்தராது. அதைக் கண்டித்து எழுதாத தமிழ் இதழில்லை. எழுதத் தயங்குவது மற்றொன்று: இழுவைமடி. கடலடியை வாரிச் செல்லும் அம்மடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடுத்தது. அதனால் வலை கிழிந்து, மீன் குஞ்சும் அற்று நிற்பவன் சிங்களன் அல்லன். மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும், போரால் இருபத்தைந்தாண்டு கடலுக்கே செல்ல இயலாதிருந்து, கடன் வாங்கிச் சிறுபடகு எடுத்த தமிழன். அவன் முகத்தை இக்கரை மீனவன் பார்த்ததில்லை. இருளில் படகின் விளக்கொளியை மட்டுமே பார்த்திருக்கின்றான். ஏழைத் தமிழனுக்கு யாழ்ப்பாணம் செல்ல இன்று உள்ள மலிவான வழி, எல்லை தாண்டிச் சிறைப்படுவதே! கப்பற் கட்டணம் கொடுக்க இயலாதவனைச் சிறைக்குள் வைத்துச் சோறு போட்டு, பின் வானூர்தியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புகின்றனர். இதற்கு ஆகும் பொருளில் எத்தனை மீனவரைக் கப்பலில் ஏற்றி மயிலிட்டியானோடு ஒரு பகல் அமர்ந்து பேசச் செய்யலாம் என்று எந்த அரசும் கணக்கிட்டதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்டாக வேண்டும். மீனவர், உழவர், மாணவர் ஆகியோர்க்குக் கப்பற் கட்டணத்தில் வரியை நீக்கிப் பாதியை அரசு ஏற்க வேண்டும். வழிபாட்டுச் செலவுகளுக்கு உதவித்தொகை தரும் அரசுகளுக்கு இது புதிய முறையன்று. புதுவை அரசு காரைக்கால் மீனவச் சிற்றூர் ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்குச் சிலரையேனும் தன் செலவில் அனுப்பலாம், கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தொடங்கலாம். பள்ளிகள் ஆண்டுதோறும் ஊட்டிக்கும் மைசூருக்கும் பேருந்து பிடிப்பதை ஓராண்டு நிறுத்திப் பார்க்கலாம்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பத்தாண்டு செல்லும் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 உருபா. நுழைவிசைவு விதிகள் அடிக்கடி மாறுவதால் அவற்றைப் புறப்படுமுன் கேட்டறிக. கப்பல் ஓடும் நாட்களையும் அவ்வாறே. ஐப்பசி தொடங்கித் தை முற்பகுதி வரை கடல் சீறும். மாசி பிறந்தால் அடங்கும்.