டெண்டர் என்றால் என்ன?

பத்திரிகையில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. "ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது" என்று அது தொடங்கும். பலர் அதைப் படிப்பதில்லை. பக்கத்தைப் புரட்டி விடுகிறார்கள். ஆனால், பள்ளிக்கூடத்தில் குழந்தையின் தட்டில் விழும் முட்டை அந்தப் பொடி எழுத்தின் வழியாகத்தான் வருகிறது!

முட்டைக்குப் பேர் போன ஊர் நாமக்கல். சேலத்தில் இருந்து பிரிந்து, 1997 ஜனவரி 1 முதல் அது தனி மாவட்டம். 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. 2010-ல் வாரம் 5 முட்டை என்று ஆயிற்று. இத்தனை முட்டையையும் சந்தையில் பேரம் பேசி வாங்க முடியுமா? டெண்டர் விட்டுத்தான் வாங்க வேண்டும். டெண்டர், ஒப்பந்தப்புள்ளி, இரண்டும் ஒன்றுதான்.

திருச்செங்கோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. அங்கே அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. டெண்டர் இதற்கு நேர்மாறானது. இங்கே வாங்குகிறவர் சர்க்கார். வியாபாரிகள் தங்கள் விலையை ரகசியமாகக் கொடுக்க வேண்டும். தகுதி உள்ளவர்களில் யார் விலை குறைவோ, அவருக்கு ஆர்டர்.

சும்மா ஒரு விலையை எழுதிப் போட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக முன்கூட்டியே கட்டும் பணம்தான் முன்வைப்புத் தொகை. 'டேவணி' என்பதும் இதுவே. ஆர்டர் கிடைக்காதவருக்கு அது திரும்ப வரும். கிடைத்தவர் காப்புத் தொகை கட்ட வேண்டும். "பண்ணை விலை ஏறிவிட்டது" என்று அவர் நடுவில் கைவிரித்தால், அந்தப் பணம் பறிபோகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விவரக் குறிப்பு. முட்டை எத்தனை கிராம் இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இதுதான். குறைந்த விலை என்றால், இந்தக் குறிப்புக்குப் பொருந்துகிற முட்டையின் குறைந்த விலை. குறிப்பை மறந்து விலையை மட்டும் பார்த்தால், சிறுத்த முட்டைதான் வந்து சேரும். நஷ்டம் குழந்தைக்கு!

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. டெண்டரில் ஒளிவு மறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-ல் தனிச் சட்டம் வந்தது. டெண்டர் முடிவு சரியல்ல என்று கருதும் வியாபாரி, உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் சர்க்காரிடம் அப்பீல் செய்யலாம்.

வியாபாரிக்கு அப்பீல் உண்டு. முட்டையைச் சாப்பிடுகிற குழந்தையின் தாய் எங்கே போவாள்? முட்டை கொடுப்பவர் யார், ஒரு முட்டை எத்தனை கிராம், விலை என்ன, இன்று எத்தனை வந்தது? இந்த நான்கையும் ஒவ்வொரு சத்துணவுக் கூடத்தின் வாசலிலும் தமிழில் எழுதி மாட்ட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தாய்க்கும் அது புரிய வேண்டும்.

கணக்குக் கேட்பது சண்டை அல்ல. தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற ஜனங்களின் பணம் அது. பொடி எழுத்தில் கேட்டு வாங்கிய பொருளின் கணக்கு, பெரிய எழுத்தில் வாசலில் தொங்கட்டும்!