புதுக் காமிராவா, நல்ல லென்ஸா?

ஆண்டு விழாவை நாமே படம் பிடிக்க நமக்கென ஒரு டிஜிட்டல் காமிரா வேண்டும் என்ற பேச்சு பள்ளியில் எழுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. கண்காட்சியில் முறுக்கு விற்றுச் சேர்த்ததும் பெற்றோர் மனமுவந்து அளித்ததுமாக 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதை எவ்வாறு செலவிடுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. புத்தம் புதியதாக, மெகாபிக்சல் மிகுந்ததாக வாங்கவேண்டும் என்பர் பலர். பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் இதற்கு உடன்படவில்லை. பிறர் பயன்படுத்திய காமிராவே போதும், மிஞ்சும் பணம் நல்ல லென்ஸுக்குப் போகட்டும் என்பதே எங்கள் துணிபு.

ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் உருவாக்கிய டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயினவாம்! அன்று புள்ளிகளைப் பெருக்குவது அவசியமாயிருந்தது. இன்றோ, ஏ4 அளவுள்ள ஒரு முழுப் பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் போதும். 2014இல் வந்த நிக்கான் டி3300 காமிராவிலேயே 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உண்டு. அதற்கு மேலும் எதற்கு?

நமக்குள்ள பெருங்குறை புள்ளியன்று, வெளிச்சம். காமிராவோடு சேர்த்துத் தரும் 18-55 லென்ஸை முழுவதும் நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸோ ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். (5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் விடை வரும். கணக்கு டீச்சர் மகிழ்வார்!) முன்னது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கேட்குமிடத்தில் பின்னதற்கு இருநூறில் ஒரு பங்கு போதும். இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஆடும் பெண்ணின் கை படத்தில் கையாக விழாது, புகையாகத்தான் விழும். சென்ற ஆண்டு மலரின் கோலாட்டப் படத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆயினும் 18-55 லென்ஸை ஒதுக்கிவிடலாகாது. எட்டு மீட்டர் அகலத்தில் நிற்கும் வகுப்புக் குழுவை 50 மில்லிமீட்டர் லென்ஸில் அடக்க ஏறத்தாழ 18 மீட்டர் பின்வாங்க வேண்டும். நம் முற்றத்தில் அவ்வளவு பின்வாங்கினால் கிணற்றடிக்கே போய்விடுவோம்! 18 மில்லிமீட்டரில் ஏழு மீட்டருக்குள் காரியம் முடியும்.

கேனான், நிக்கான் இரண்டும் 2018இல் கண்ணாடியில்லாக் காமிராக்களுக்கெனப் புதிய பொருத்துமுறைகளைக் கொண்டுவந்தன. பலர் அவற்றுக்கு மாறுவதால் பழையவை மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றின் லென்ஸ்களை இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய காமிராவிலும் பொருத்தலாம். ஆகவே லென்ஸில் போட்ட பணம் வீணாகாது. நிக்கான் வாங்குவதாயின் ஓர் எச்சரிக்கை: டி3000, டி5000 வரிசைக் காமிராக்களுக்குள் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-எஸ்' என்று குறித்த லென்ஸாகப் பார்த்து வாங்காவிடில், ஒவ்வொரு முறையும் கையால் திருகித்தான் கூர்மையாக்க வேண்டும்.

கைப்பேசி போதாதா என்று தாய்மார் சிலர் கேட்கின்றனர். பகலில், அருகிலிருந்து எடுப்பதற்குப் போதும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நகக்கண்ணளவு உணரியைக் கொண்டு கடைசி வரிசையிலிருந்து மங்கிய மேடையைப் படம் பிடித்துப் பாருங்கள், புரியும். மேலும் கைப்பேசி பெற்றோருடையது. வகுப்பறைக்குள் அதற்கு அனுமதியும் இல்லை.

வாங்கும்போது லென்ஸின் ஒரு புறம் டார்ச் ஒளி பாய்ச்சி மறுபுறம் நோக்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எத்துணை மலிவாயினும் வேண்டாம்.

பூஞ்சைக்கு உகந்தவை இருளும் ஈரமும். விலையுயர்ந்த பொருள் என்று காமிராவைத் தோலுறையிலிட்டு அலுவலக பீரோவில் பூட்டிவைத்தால், அடுத்த ஆண்டு விழாவிற்குள் அது குடியேறிவிடக்கூடும். எனவே காற்றுப்புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்க இதே தொகையில் சிறிது ஒதுக்குமாறும், வாரந்தோறும் ஒரு வகுப்பினர் அதைக் கையாளத் தலைமையாசிரியை அவர்கள் இசைவு தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுக்கு வசதியானது.