தோலுக்கு நாற்று

தோலிலும் நாற்று நடலாம், தெரியுமோ? வெண்புள்ளிக்கு ஓர் ஆபரேஷன். தொடையில் மெல்லிசாய்த் தோல் சீவி, நிறமி செல்களைப் பிரித்தெடுத்து, வெள்ளைத் திட்டின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அங்கே பரப்புகிறார்கள். நாற்றங்கால் சின்னது, வயல் பெரிசு! 1992-ல் பிரான்ஸில் கோத்தியே என்ற டாக்டர் வெளியிட்ட முறையின் வழி வந்தது. திட்டு ஒரு வருஷமாவது பரவாமல் இருந்தால்தான் செய்வார்கள்.

அப்புறம்தான் பொறுமைக்குப் பரீட்சை. ஒரு வாரம் கட்டைத் தொடக் கூடாது. அந்த இடத்தை ஆட்டக் கூடாது. பிரித்தால் இளஞ்சிவப்பு! நிறம் தலைகாட்டச் சில வாரம், நிரம்ப ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும். முதலில் கொஞ்சம் தூக்கலான கறுப்பாகவும் வரலாம். பிறகு பெரும்பாலும் சமாதானமாகிவிடும்.

முன்கையில் செய்துகொண்ட என் நண்பர் செண்பகனூரில் ஓய்வெடுக்கிறார். முழுக்கை ஸ்வெட்டருக்கு யாரும் காரணம் கேட்காத ஊர். ஆனால் குளிர்கிறதே என்று மலை வெயிலை நம்பக் கூடாது; புற ஊதாக் கதிர் அங்கே ஜாஸ்தி.

"அடிக்கடி பார்த்தா சீக்கிரம் வளருமா சார்?" என்றேன்.

"பொண்ணு வீட்ல என்கிட்ட கை குடுத்துட்டு, கை கழுவினாங்கய்யா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வெண்புள்ளி ஒட்டுவாரொட்டி இல்லை, தொழுநோயும் இல்லை. உங்கள் ஆபீஸில் இப்படி ஒருவர் லீவு முடிந்து திரும்பினால், 'கலர் வந்துடுச்சா?' என்று குசலம் விசாரிக்காதீர்கள். கை குலுக்குங்கள். அதற்கு ஆபரேஷன் வேண்டாம்.