பழைய ஒயிலும் நமது கிணறும்

கறுத்த ஒயிலை அமிலம் விட்டுச் சுத்தம் செய்து மீண்டும் விற்கலாம், அதற்கு ஒரு சுழற்சிக் கடன் தாருங்கள் என்று நமது இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 1990களில் வவுனியாவுக்கு அப்பால் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். ஒன்றையும் வீசாமல் பாவிப்பது நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதல்ல.

ஒயில் தேய்ந்துபோவதில்லை, அழுக்கடைகிறது. கரி, உலோகத் துகள், தண்ணீர், எரியாத டீசல் எல்லாம் அதில் சேர்கின்றன. கம்பனி சேர்த்த மருந்துப் பொருட்கள் தீர்ந்துவிடுகின்றன. எனவே சீலையில் வடித்து ஊற்றுவதால் பயனில்லை. அமில முறையில் முதலில் ஒயிலைச் சூடாக்கித் தண்ணீரை ஆவியாக்குவர். பின்னர் செறிந்த கந்தக அமிலத்தைக் கலக்கி அழுக்கை அடியில் படிய விடுவர். மேலே தெளிந்ததை வெளுக்கும் களிமண்ணுடன் சூடாக்கி வடித்தால் நிறம் வந்துவிடும். ஆனால் நிறம் வந்தது தரம் வந்ததாகாது. பரிசோதனைக்கூடம் இல்லாமல் அதன் தடிப்பையோ, தீர்ந்துபோன மருந்துப் பொருட்களை எவ்வளவு திரும்பச் சேர்ப்பது என்பதையோ அறிய வழியில்லை. அந்த ஒயிலால் இறுகிப்போகும் லான்ட் மாஸ்ரருக்கு யார் பொறுப்பு?

நமது பெரிய கவலை அடியில் படியும் கறுப்புத் தார்தான். அதில் அமிலமும் ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கின்றன. அதை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததாலேயே இந்தியாவிலும் அமில முறையை விலக்கி, வெற்றிடத்தில் வடித்தெடுக்கும் முறை போன்றவற்றுக்கு மாறச் செய்தார்கள். அது பெரிய முதலீடு. கிராமத்துக் கொட்டிலில் நடக்கக்கூடியதல்ல.

ஒயில் கிணற்றுக்குப் போனால் என்னவாகும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையத்துக் கழிவு எண்ணெயால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கட்டளையிட்டது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல், நமது நிலம் கருங்கற்பாறை என்று சிலர் சொல்வர். உண்மைதான். ஆனால் பாறைக்கு மேலுள்ள மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் நீரே நமது கிணற்று நீர். மேற்குளத்தில் கலந்தது கீழ்க்குளத்துக்கு வராமல் நிற்காது. 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் அடைபட்டு, பின்னர் காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் பற்றை வெட்டிய கையோடு செய்தது கிணறு இறைத்ததுதான். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் அமிலத் தாரைப் புதைப்பதற்குக் கடன் கொடுப்பதை நாம் ஆதரிக்க முடியாது. வேலித் தூணுக்குக் கறையான் மருந்தாகப் பூசுவதையும், புழுதி அடங்கக் கராச் வாசலில் ஊற்றுவதையும்கூட (இதை எல்லோரும் செய்கிறோம்) நிறுத்த வேண்டும்.

செய்யக்கூடியது சேகரிப்பு. ஒரு லான்ட் மாஸ்ரரிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லீற்றர்தான் வரும். 200 லீற்றர் பீப்பாய் நிரம்ப ஏறத்தாழ எண்பது தடவை மாற்ற வேண்டும். தனி ஆளுக்கு இது தொழிலாகாது, கமக்காரர் அமைப்புக்கு ஆகும். கழிவு எண்ணெயைக் கையாளுவோர் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அத்தகையோருக்கே விற்க வேண்டும். பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கமில்லை. 1,400 பாகைக்கு மேல் எரியும் சீமெந்துச் சூளைகளில் இத்தகைய எண்ணெய் எரிபொருளாகவும் பயன்படுகிறது. கிடைக்கும் விலை சொற்பம்தான், மறைக்க வேண்டியதில்லை. தண்ணீரோ பெற்றோலோ பூச்சிமருந்தோ கலந்தால் அதுவும் கிடையாது.

நிழலும் சீமெந்துத் தரையும் உள்ள ஒரு சிறு கொட்டில், மூடியுள்ள இரண்டு பீப்பாய்கள், ஒரு புனல்: இவற்றுக்குக் கடன் கேட்டு வாருங்கள், நாமும் கூட நின்று பேசுவோம். காலபோக உழவுக்கு முன்னர்தான் அநேக இயந்திரங்களுக்கு ஒயில் மாற்றப்படுகிறது. அதற்கு முந்திய கூட்டத்திலேயே பீப்பாயை எங்கே வைப்பது, கொட்டில் சாவியை யார் வைத்திருப்பது என்ற இரண்டையும் தீர்மானித்துவிடுங்கள்.