காற்றுமுள் செத்த லாரியில் படித்தவன்

மதிப்புக்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டி, முட்டி தேய்ந்து, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவன். லாரிக்காரன் என்பதற்கு மேல் இந்த ஊரில் விலாசம் தேவைப்படாது.

போன வருஷம் என் தங்கை மகன் வந்து நின்றான். தறிக்குப் போகிற பையன். "ஹெவி லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கறனுங்க மாமா. எந்த ஸ்கூல்ல சேரட்டுங்க?" என்றான். முப்பத்தோரு வருஷம் ஓட்டியவனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்த வண்டி ஓட்டப் போகிறாய் என்றுதான் முதலில் கேட்டேன். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டவே தனியாக பேட்ஜ் போட வேண்டும், அதற்கு இவ்வளவு பணம் என்று ஒரு பள்ளியில் அவனிடம் சொல்லியிருந்தார்கள். சரக்கோடு சேர்த்து 7,500 கிலோவுக்கு மிகாத வண்டியை, கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸை வைத்தே சரக்கு வண்டியாகவும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இது எத்தனை பையன்களுக்குத் தெரியும்? எந்த வண்டிக்கு எந்த லைசென்ஸ் என்று ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்?

இவனுக்குக் குட்டியானை போதவில்லை, பன்னிரண்டு சக்கரம்தான் வேண்டுமாம். இருபது வயது முடிந்திருந்தது, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமும் தாண்டியிருந்தது. பள்ளியிலிருந்து ஐந்தாம் படிவச் சான்றிதழ் வாங்குவதுதான் பாக்கி. மூன்று டிரைவிங் பள்ளிகளுக்கு நானே கூடப் போனேன். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் லைசென்ஸ் கைக்கு வரும் என்ற இரண்டைத்தான் மூன்று இடத்திலும் சொன்னார்கள். லாரியைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் இரண்டு இடத்தில். மூன்றாவது பள்ளியின் லாரி வேப்பமரத்தடியில் நின்றது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். ஐந்து நிமிஷம் இன்ஜின் ஓடியும் காற்றுமானியின் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. ஏர் பிரேக் வண்டியில் அந்த முள் ஏறாமல் நாங்கள் வண்டியை நகர்த்தவே மாட்டோம். மாஸ்டரிடம் சொன்னேன். "அது செத்து ரொம்ப நாளாச்சுங்க, வண்டி நல்லா நிக்கும்" என்றார். அங்கேயேதான் சேர்த்தேன். மற்ற இரண்டில் முள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக்கூட விடவில்லையே.

மோட்டார் வாகன விதி 31 சொல்வது முப்பது நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் வண்டி ஓட்டம். காலை ஆறு மணிக்கு ஐந்து பையன்கள் ஒரு லாரியில் ஏறுவார்கள். பைபாஸ் வரை போய்த் திரும்புவதற்குள் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஸ்டியரிங். ஓட்டிய நிமிஷத்தைக் காலண்டரில் குறித்துவரச் சொல்லியிருந்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் நாலேகால் மணி நேரம். பதிவேட்டில் பதினைந்து என்று எழுதி, இவன் கையெழுத்தும் இருந்தது. "எல்லாரும் போட்டாங்க மாமா, நானும் போட்டுட்டேனுங்க" என்றான். தேர்வன்று பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காலி லாரியில் நேராகக் கொஞ்சம், ரிவர்ஸில் கொஞ்சம். லைசென்ஸ் வந்துவிட்டது.

ஐயா, காலி லாரி வேறு, லோடு லாரி வேறு. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விபத்துப் பட்டியல் உங்கள் மேஜைக்குத்தான் வருகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவன் மொத்தப் பாரத்தையும் பிரேக்கின் மேல் போடுகிறான். மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து, லைனிங் கருகி, பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். மேலேயே கியரைக் குறைத்து, இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ள இறங்க வேண்டும். பைபாஸில் காலி லாரியில் போகும் பையனுக்கு இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. லோடு முதுகைத் தள்ளுவதை உட்காருமிடம் உணர வேண்டும்.

2021-இல் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம், பாடமும் ஓட்டமும் சேர்த்து. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் இருப்பதும் தெரியும். வாரக் கூலியில் வீடு நடக்கிற பையன் தறியை விட்டுவிட்டு அத்தனை நாள் எங்கேயும் போய் உட்கார மாட்டான். அவன் போவது தெருமுனைப் பள்ளிக்குத்தான். ஆகவே தெருமுனைப் பள்ளியைச் சரிசெய்யுங்கள். ஓட்டிய நிமிஷம் அன்றன்றைக்கே பையனின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகட்டும், அது 15 மணி நேரம் ஆகாமல் சான்றிதழ் அச்சாகக் கூடாது. சேருமுன் லாரியை ஏறிப் பார்க்க விடவேண்டும். தேர்வு நடக்கும் லாரியில் மணல் மூட்டையாவது ஏற்றியிருக்கட்டும்.

பையனை நான் இன்னும் தனியாக ஓட்ட விடவில்லை. என் பழைய கூட்டாளியின் வண்டியில் கிளீனராகப் போகிறான், நல்ல ரோட்டில் ஸ்டியரிங் கொடுக்கிறார்கள். தொப்பூர் தாண்டியதும், ராத்திரி எந்நேரமானாலும் போன் அடிப்பான். "மூணாவது கியர்லயே இறங்கிட்டமுங்க மாமா" என்பான். அதற்குப் பிறகுதான் நான் படுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி டிரைவர்,
சங்ககிரி