கம்பம் நட்டது சர்க்கார். மோட்டார் வாங்கியது குடியானவர்!

செஞ்சிக் கோட்டைச் சீமையில் உள்ள பழைய ஊர் தொண்டூர். பாறையில் சமணர் படுக்கைகள் உள்ள ஊர். நெல்லும் மணிலாவும் விளையும் பூமி.

இந்தச் சீமையில் ஒரு காலத்தில் கவலை இறைத்துத்தான் பயிர் செய்தார்கள். விடிந்ததிலிருந்து மாடு முன்னும் பின்னும் நடக்கும். நனைவதோ கொஞ்ச நிலம்!

பிறகு சர்க்கார் கம்பம் நட்டது. கம்பி இழுத்தது. மின்சாரம் வந்தது. உடனே என்ன நடந்தது? குடியானவர் கடன் வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்தார். மோட்டார் வாங்கிக் கிணற்றில் இறக்கினார். அது சர்க்கார் பணமா? இல்லை. அவருடைய சொந்தப் பணம்! கம்பம் வராமல் இருந்திருந்தால், அந்த நகை பெட்டியிலேயே தூங்கியிருக்கும்.

கோவையில் நடந்தது

இது தொண்டூர்க் கதை மட்டும் அல்ல. 1932-ம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. கட்டியது சென்னை மாகாண சர்க்கார். கோவைக்கு மலிவான மின்சாரம் கிடைத்தது. பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றைக் கட்டியவர்கள் தனியார் முதலாளிகள்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியும் அப்படித்தான். சர்க்கார் இடம் கொடுத்தது, தராசு வைத்தது. நெல் மூட்டை வந்து குவிகிறது. அதை வாங்க வியாபாரி வருகிறார், லாரி வருகிறது.

"சர்க்கார் பணம் போட்டால் தனியார் ஒதுங்கி விடுவார்" என்று சிலர் சொல்கிறார்கள். அது முழுப் பொய் அல்ல. சர்க்காருக்குச் செலவுப் பணம் எங்கிருந்து வருகிறது? வரி போதாவிட்டால் கடன் வாங்குகிறது. 1990-ம் ஆண்டு வாக்கில் பாங்கியில் மக்கள் போட்ட 100 ரூபாயில் 38½ ரூபாய், பெரும்பாலும் சர்க்கார் பத்திரங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி! ரிசர்வ் பாங்கியில் கட்ட வேண்டியது இன்னும் 15 ரூபாய். மிச்சம் இருப்பது பாதிகூட இல்லை. சின்ன பட்டறைக்காரர் கடன் கேட்டுப் போனால் என்ன கிடைக்கும்? இப்போது அந்த 38½ ரூபாய், 18 ரூபாயாகக் குறைந்துவிட்டது. நல்ல காரியம்தான்.

ஆகவே, சர்க்கார் பணம் போடலாமா என்பது அல்ல கேள்வி. எதில் போடுகிறது என்பதே கேள்வி. தனி ஆளால் முடியாத ரோடு, மின்சாரம், ரயில் இவற்றில் போட்டால், பின்னாலேயே நாலு பேர் பணத்தோடு வருவார்கள். கடன் வாங்கிய பணத்தை வீண் செலவில் கரைத்தால், வட்டி ஏறும். வருகிறவரும் திரும்பிப் போவார்.

ரயில் எங்கே?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் 12-ல் ஒன்றாக இடம் கிடைத்தது. மற்ற 11-ம் மகாராஷ்டிரத்தில்!

இனி வெளியூரார் வருவார்கள். அவர்கள் தங்க லாட்ஜ் வேண்டும், சாப்பிட ஓட்டல் வேண்டும். தொண்டூர்ப் பையன்கள் வேலை தேடிச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதும் குறையும். சர்க்கார் ஓட்டல் நடத்த வேண்டாம். அதற்குத் தனியார் இருக்கிறார்கள். ஆனால் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்று பல வருஷங்களுக்கு முன்பே அனுமதி கொடுத்தார்களே, அந்த ரயில்? செஞ்சியில் லாட்ஜ் கட்ட மனை பார்க்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.